ஆறாத கால் புண்: தன் ரத்தமே தனக்கு உதவுமா?

டெங்கு சீசன் வந்துவிட்டால் சின்னக் குழந்தைகூடச் சொல்லும் வார்த்தை, பிளேட்லெட். 'எத்தனை ஆயிரம் இருக்கு, ஏறிச்சா, குறைஞ்சுதா' என்று ஒரு கையில் பப்பாளி இலைச் சாறும் மறு கையில் லேப் ரிப்போர்ட்டுமாக நிற்காத குடும்பம் இல்லை. அந்தப் பிளேட்லெட்டை நம் உடம்பிலிருந்தே எடுத்து, மாதக்கணக்கில் ஆறாத கால் புண்ணில் வைத்தால் ஆறும் என்கிறார்கள். பி.ஆர்.பி. என்று பெயர். பிளேட்லெட் நிறைந்த பிளாஸ்மா என்பதன் சுருக்கம். முடி வளர்ப்பதற்கான சிகிச்சையாக விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான்.

இந்த வாரம் இதை எடுக்கக் காரணம், ஊரப்பாக்கத்திலிருந்து வாசகி ஒருவர் அனுப்பிய கேள்வி. 'அப்பா அப்பார்ட்மென்ட்ல செக்யூரிட்டி. பன்னிரண்டு மணி நேரம் நிக்கிற வேலை. கணுக்காலுக்கு மேல புண் வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. டிரெஸ்ஸிங் பண்ணாத நாள் இல்லை. இப்போ ஒரு கிளினிக்ல, அவர் ரத்தத்தையே எடுத்துப் போட்டா ஆறிடும், ஆறு தடவை வரணும்னு சொல்றாங்க. நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு தோணுச்சு.'

நல்ல வேளை, முன்னாடியே கேட்டார். சுருக்கமான பதில் இதுதான்: இது உண்மையான சிகிச்சை, ஏமாற்று வேலை இல்லை. ஆனால், இது வரிசையில் பின்னால் நிற்க வேண்டிய சிகிச்சை. முதல் ஆளாக உள்ளே வந்தால் நகை போகும், புண் போகாது. ஏன் என்று பார்ப்போம்.

புண் ஏன் ஆறாமல் நிற்கிறது?

காய்கறி நறுக்கும்போது விரலில் வெட்டுப்பட்டால் பத்து நாளில் தழும்புகூடத் தெரியாமல் ஆறிவிடுகிறது. அதே உடம்பில், காலில் வந்த ஒரு புண் மட்டும் வருஷக்கணக்கில் நிற்கிறது என்றால், புண்ணுக்குக் கீழே வேறு ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, வெரிகோஸ். காலில் இருந்து ரத்தத்தை மேலே இதயத்துக்குக் கொண்டு போகும் சிரைகளில் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. அவை பழுதானால் ரத்தம் மேலே போகாமல் கீழேயே தேங்கும். கால் வீங்கும், கணுக்கால் பக்கம் தோல் கறுக்கும், அரிக்கும். சொறிந்த இடம் ஒரு நாள் புண்ணாகும். கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கமாக வரும் புண் பெரும்பாலும் இந்த வகை. ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். டீ மாஸ்டர், துணிக்கடைப் பெண்கள், செக்யூரிட்டி அண்ணன்கள், கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் கடை போட்டிருப்பவர்கள் என்று நாள் முழுக்க நின்றே பிழைப்பவர்கள் எத்தனை பேர்! இந்தப் புண் அவர்களைத் தேடி வரும் புண்.

இரண்டாவது, சர்க்கரை. ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்த தேசிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்றது அது. சர்க்கரை பல வருஷம் கட்டுக்குள் இல்லாவிட்டால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும். செருப்புக்குள் கல் கிடந்தாலும் தெரியாது. உள்ளங்காலில், விரல் நுனியில் புண் வரும். வலிக்காது. வலிக்காததால் அதன்மேலேயே நடப்போம்.

மூன்றாவது, தமனி அடைப்பு. இதயத்தில் அடைப்பு வருவதுபோலக் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயிலும் அடைப்பு வரும். புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதிகம். கால் சில்லிட்டிருக்கும். கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். ராத்திரி படுத்தால் வலி கூடும். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் குறையும்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. நம் பேச்சில் எல்லாமே 'நரம்பு'தான். வெரிகோஸ் வந்தாலும் 'நரம்பு சுருட்டிக்கிச்சு', சர்க்கரையால் மரத்தாலும் 'நரம்பு போச்சு', அடைப்பு என்றாலும் 'நரம்புல ரத்தம் போகலை'. பெயர் ஒன்றாக இருப்பதால் வைத்தியமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்தால் காலே போகலாம்.

ரத்தத்துக்குள் என்ன மருந்து?

நம் ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு, அதாவது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை பிளேட்லெட் இருக்கும். ரத்தக்குழாய் கிழிந்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு அடைப்பது இவைதான். அதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு பிளேட்லெட்டுக்குள்ளும் சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. அவற்றில் 'வளர்ச்சிக் காரணிகள்' எனப்படும் புரதங்கள் அடைந்து கிடக்கின்றன. பிளேட்லெட் ஒட்டிக்கொண்டதும் பை உடைந்து இவை வெளியே வரும். 'இங்கே அடிபட்டிருக்கிறது, சதை கட்டும் செல்கள் வாருங்கள், புது ரத்தக்குழாய் முளைக்கட்டும்' என்று உடம்புக்குத் தகவல் சொல்பவை இவைதான்.

ஆறாத புண்ணில் என்ன நடக்கிறது என்றால், இந்தத் தகவல் போய்ச் சேர்வதில்லை. அழற்சி தணியாமலே இருக்கும். அங்கே சுரக்கும் நொதிகள் வளர்ச்சிக் காரணிகளைத் தின்றுவிடும். அதனால்தான் பிளேட்லெட்டைக் கூட்டமாகச் சேர்த்து வெளியிலிருந்து கொண்டுபோய் வைக்கிறார்கள்.

செய்முறை ரொம்பச் சுலபம். நோயாளியின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். லேப் டெஸ்ட்டுக்கு எடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. உறையாமல் இருக்க மருந்து கலந்த டியூபில் ஊற்றி, சென்ட்ரிஃப்யூஜ் என்ற சுழலும் இயந்திரத்தில் வைப்பார்கள். தயிர் கடைந்தால் வெண்ணெய் பிரிவதுபோல ரத்தம் அடுக்கடுக்காகப் பிரியும். அடியில் சிவப்பணு, நடுவில் மெல்லிய வெள்ளை அடுக்கு, மேலே மஞ்சளாக பிளாஸ்மா. பிளேட்லெட் செறிந்த பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, சுத்தம் செய்த புண்ணில் ஊற்றி அல்லது சுற்றிலும் ஊசியாகப் போட்டு, மூடிக் கட்டு போடுவார்கள். உறைவதைத் தடுக்கும் மருந்து சேர்க்காமல் சுழற்றினால் ரத்தம் ஜெல்லி போன்ற மெல்லிய படலமாகக் கிடைக்கும். அதற்குப் பி.ஆர்.எஃப். என்று பெயர். அதை அப்படியே புண்ணின்மேல் ஒட்டுப்போடுவதுபோல வைக்கலாம்.

உண்மையிலேயே ஆறுகிறதா?

இது நேற்றுப் பிறந்த சமாச்சாரம் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் நைட்டன் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரின் குழு 1986-லேயே 49 நோயாளிகளுக்கு இப்படிச் செய்து பார்த்தது. அதற்கு முன் சராசரியாக 198 வாரம், கிட்டத்தட்ட நாலு வருஷம், வழக்கமான சிகிச்சை எடுத்தவர்கள் அவர்கள். பிளேட்லெட் சாறு வைத்த பிறகு சராசரியாக 10.6 வாரத்தில் தோல் மூடியது என்று அந்தக் குழு எழுதியது.

நமக்குப் பக்கத்தில் பெங்களூரில் மருத்துவர்கள் 24 பேரின் 33 கால் புண்களுக்கு வாரம் ஒருமுறை, அதிகபட்சம் ஆறு முறை பி.ஆர்.பி. வைத்தார்கள். பாதிக்கு மேல் வெரிகோஸ் வகைப் புண்கள். 25 புண்கள் முழுதாக மூடின. ஆறச் சராசரியாக ஐந்தரை வாரம் ஆனது. 2014-ல் வெளியான முடிவு இது. படித்ததும் 'ஆகா' என்று தோன்றும். ஆனால், அதில் பி.ஆர்.பி. வைக்காத குழு என்று ஒன்று இல்லை. இது இல்லாமலே எத்தனை பேருக்கு ஆறியிருக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அப்படி ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வு 2018-ல் வந்தது. பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் ஆகிய மூன்று நாடுகளில் 32 மருத்துவமனைகள். சர்க்கரையால் வந்த பாதப் புண்கள். நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து செய்த ஒட்டு வைத்தவர்களில் 20 வாரத்துக்குள் ஆறியது நூற்றுக்கு 34 பேருக்கு. வழக்கமான நல்ல சிகிச்சை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கு.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். பலன் இருக்கிறது, 22 எங்கே, 34 எங்கே! ஆனால் நூற்றுக்கு 66 பேருக்கு, ரத்த ஒட்டு வைத்தும் அந்த 20 வாரத்தில் ஆறவில்லை. 'கண்டிப்பா ஆறிடும்' என்று யாராவது சொன்னால் அந்த 66 பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆய்வில் சேர வந்தவர்களுக்கு எடுத்த எடுப்பில் ரத்த ஒட்டு வைக்கவில்லை. முதல் நாலு வாரம் எல்லாருக்கும் வழக்கமான பராமரிப்பை ஒழுங்காகச் செய்தார்கள். அதிலேயே புண் பாதியாகச் சுருங்கியவர்களை, 'உங்களுக்கு இது தேவையில்லை' என்று விலக்கிவிட்டார்கள். அதன் பிறகும் அசையாத புண்களுக்குத்தான் பரிசோதனை. வரிசையில் பின்னால் நிற்க வேண்டிய சிகிச்சை என்று சொன்னது இதனால்தான். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடு 2021-லிருந்து இதற்குப் பணம் தருகிறது. அதுவும் சர்க்கரை நோயாளிகளின் நாள்பட்ட புண்ணுக்கு, முதலில் 20 வாரத்துக்கு என்ற வரையறையோடு.

வேலூர் சொல்லிக் கொடுத்த பாடம்

ஆறாத கால் புண் விஷயத்தில் உலகத்துக்கே பாடம் எடுத்த ஊர் நம் பக்கத்தில் இருக்கிறது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் அந்த நோயாலேயே அழுகி உதிர்கின்றன என்று உலகமே நம்பிய காலம். அவர் உட்கார்ந்து கவனித்தார். சதையில் கோளாறு இல்லை, வலி தெரியாததுதான் கோளாறு என்று கண்டார். வலி தெரியாததால் புண்ணின்மேலேயே மிதித்து மிதித்து நடக்கிறார்கள். மாவுக்கட்டு போட்டு, பாரம் புண்ணில் விழாமல் பார்த்துக்கொண்டால், வருஷக்கணக்கில் நின்ற உள்ளங்கால் புண்கள் தாமாகவே ஆறின. திரும்ப வராமலிருக்க மெத்தென்ற ரப்பர் அடித்தட்டு வைத்த செருப்புகள் வந்தன. இன்று கடைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று சர்க்கரைக்காரர்கள் கேட்டு வாங்குகிறோமே, அந்த ரப்பர் தொழுநோயாளிகளின் கால்களைக் காக்கப் போராடியவர்கள் வழியாக நம் வீட்டுக்கு வந்தது.

ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் போகும் தூரத்தில், செங்கல்பட்டு திருமணியில் மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1924-ல் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோயாளிகளுக்கான இல்லமாகத் தொடங்கி, 1955-ல் மத்திய அரசின் நிறுவனமானது. அங்கே உள்ளவர்களுக்கு ஆறாத பாதப் புண் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

பிராண்டின் பாடத்தை இன்றைய பி.ஆர்.பி.க்குப் பொருத்திப் பாருங்கள். எவ்வளவு நல்ல பிளேட்லெட்டை வைத்தாலும், நோயாளி மறுநாள் அதே செருப்பைப் போட்டுக்கொண்டு அதே புண்ணின்மேல் நடந்தால் என்ன பயன்? வெரிகோஸுக்கும் இதே கணக்குதான். ரத்தம் தேங்கிக்கொண்டே இருக்கும் காலில் எதைப் போட்டாலும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்.

அப்படியானால் முதலில் என்ன?

புண் வெரிகோஸ் வகையா? டாப்ளர் ஸ்கேன் எடுத்து எந்தச் சிரை கசிகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து, காலை இறுக்கிக் கட்டும் கம்ப்ரெஷன் கட்டு. இதுதான் இந்தப் புண்ணுக்கு அடிப்படை மருந்து. பழுதான சிரையை லேசர் போன்ற முறைகளால் சீக்கிரமே அடைத்துவிட்டால் இன்னும் வேகமாக ஆறும். பிரிட்டனில் 450 பேரை வைத்துச் செய்த ஆய்வில், கட்டோடு சேர்த்து சிரையையும் உடனே சரிசெய்தவர்களுக்குப் புண் ஆற 56 நாள், தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள்.

ஒரு எச்சரிக்கை: தமனி அடைப்பு இருக்கும் காலில் இறுக்கிக் கட்டினால் உள்ள ரத்தமும் போகாது. அதனால் காலில் ரத்த ஓட்டத்தை அளந்து பார்க்காமல் மெடிக்கலில் கட்டு வாங்கி நீங்களாகச் சுற்றிக்கொள்ளாதீர்கள். அடைப்பு என்று தெரிந்தால் ரத்தநாள நிபுணரிடம்தான் போக வேண்டும், அதுவும் தாமதிக்காமல்.

சர்க்கரைப் புண்ணா? சர்க்கரை அளவு, புண்ணைச் சுத்தம் செய்வது, கிருமித் தொற்று, எலும்பு வரை போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே, பாரம் படாமல் செருப்பு அல்லது மாவுக்கட்டு. இந்த வரிசை முடிந்த பிறகுதான் மற்றவை. பாதங்களை முன்கூட்டியே பரிசோதித்துக் கால் இழப்பைத் தடுக்க, 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்திருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

எத்தனை செய்தும் ஆறாத பழைய புண் என்றால், ஓரத்தில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பல வருஷம் ஆறாமல் நிற்கும் புண் சில சமயம் புற்றுநோயாக மாறும். புற்றில் வளர்ச்சிக் காரணியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற வேலை.

கிளினிக்கில் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

நம் வாசகி அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்த கிளினிக்குக்குத் திரும்பப் போனால், பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கேட்கட்டும். நீங்களும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

1. இது எந்த வகைப் புண்? டாப்ளர் பார்த்தீர்களா? பார்க்காமல் நேராக பேக்கேஜ் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

2. அடிப்படைக் காரணத்துக்கு என்ன சிகிச்சை தரப்போகிறீர்கள்? பி.ஆர்.பி.யோடு கம்ப்ரெஷன் கட்டு தொடருமா?

3. தொற்று இருக்கிறதா? சீழ் பிடித்த புண்ணில் பிளேட்லெட் வைப்பது வீண்.

4. ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்த்தீர்களா? ரத்தசோகை, பிளேட்லெட் குறைவு, ரத்தம் உறையாத கோளாறு, ரத்தத்தை நீர்க்கச்செய்யும் மாத்திரை ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.

5. டியூபும் ஊசியும் புதிதாக, என் கண் முன்னால் பிரிக்கப்படுமா? என் பெயர் ஒட்டப்படுமா? இது சாதாரணக் கேள்வி இல்லை. அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் முகத்துக்கு இதே பிளேட்லெட் ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்கு ஹெச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையம் 2024-ல் பதிவு செய்தது. தன் ரத்தம் தனக்குக் கெடுதல் செய்யாது. அடுத்தவர் ரத்தம் பட்ட ஊசி செய்யும்.

6. இரண்டு, மூன்று முறை வைத்தும் புண் சுருங்காவிட்டால் நிறுத்திவிடுவீர்களா? ஒவ்வொரு முறையும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதித் தருவீர்களா? ஆறு தடவைக்கும் சேர்த்து முன்பணம் கேட்டால் யோசியுங்கள்.

நேர்மையான மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே பதில்.

இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊரப்பாக்கத்துக்கு ஒரே ரயில் தூரம். டாப்ளரும் புண் பராமரிப்பும் அங்கே காசில்லாமல் தொடங்கலாம். வெரிகோஸ் ஆபரேஷன் என்று முடிவானால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று அங்குள்ள காப்பீட்டுக் கவுன்ட்டரில் கேளுங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். அடகுக் கடைக்கு முன்னால் நிற்பதைவிட அந்த வரிசையில் நிற்பது மேல்.

வீட்டில் இன்றைக்கே

காபித்தூள், டூத்பேஸ்ட், பேனா மை, சுண்ணாம்பு எதையும் புண்ணில் அப்பாதீர்கள். டிங்ச்சரையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் தினமும் ஊற்றுவது முளைக்கிற புதுத் தோலையும் சேர்த்து எரிக்கும். வெரிகோஸ் உள்ளவர்கள் உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை இதயத்தைவிட உயரமாக வையுங்கள். நின்றே ஆக வேண்டிய வேலை என்றால், அரை மணிக்கு ஒரு தடவை குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். கெண்டைக்கால் சதைதான் ரத்தத்தை மேலே தள்ளும் பம்ப்.

சர்க்கரை உள்ளவர்கள் ராத்திரி படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்தால் போதும். வீட்டில் பேரன், பேத்தி இருந்தால் அவர்கள் கையில் போனைக் கொடுத்து, 'தாத்தா பாதத்தை ஒரு போட்டோ எடு' என்று சொல்லுங்கள். வாரம் ஒரு போட்டோ, பக்கத்தில் ஸ்கேல் வைத்து. புண் சுருங்குகிறதா, பரவுகிறதா என்று அந்தப் படங்களே சொல்லும். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.